தட்டியதா, தட்டிக்கொடுத்ததா

என் தம்பி இருபத்தேழு சண்டை போட்டவன். கம்பிவலைக் கூண்டுக்குள் இறங்கி, கை, கால், முட்டி, முழங்கை என்று எல்லாவற்றாலும் அடித்து, ஆளைக் கீழே போட்டுக் கழுத்தைப் பிடிக்கிற சண்டை. எம்.எம்.ஏ. என்பார்கள். அதில் மூன்று தடவை சாம்பியன். அவன் போட்ட பிடி திறக்காது என்பதால் ரசிகர்கள் அவனைப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். நான் அவனுக்கு அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எனக்கும் பிள்ளைகள் ஏதாவது பட்டப்பெயர் வைத்திருப்பார்கள்; என் காதுக்கு வரவில்லை, நல்லதுதான்.

இந்தச் சண்டையில் ஒரே ஒரு மரியாதை உண்டு. பிடியில் மாட்டியவன் இனி தாங்காது என்று தெரிந்தால், எதிராளியின் உடம்பிலோ தரையிலோ மூன்று முறை தட்டுவான். தட்டினால் தோற்றேன், விடு என்று அர்த்தம். நடுவர் அந்த நொடியே பாய்ந்து பிரித்துவிட வேண்டும். பயிற்சிக்கூடத்தில் ஒவ்வொருத்தனும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தட்டுவான், அதில் வெட்கமே கிடையாது. தட்டத் தெரிந்தவன்தான் மறுநாள் பயிற்சிக்குத் திரும்பி வருவான் என்று தம்பியே சொல்வான்.

ஆனால் போட்டிகளில் அவன் தட்டியதில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பட்டத்துக்கான சண்டையில் மட்டும் தோள்பட்டை கழன்றது. மணி அடிக்க நாலு நொடி இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டான். அன்றைக்குப் பிடித்தது சனி. அடுத்த வாரமே, இந்தப் போட்டிகளை நடத்துகிற சம்மேளனத்துக்காரர்கள் 'தட்டாதவர்' என்று சுவரொட்டி அடித்தார்கள். பனியன், தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் அழிரப்பர் வரைக்கும் தட்டாதவர். புதிதாகக் கட்டிய தலைமை அலுவலகத்துக்குத் 'தட்டாதவர் மாளிகை' என்று பெயர் வைத்தார்கள். திறப்பு விழாவில் சம்மேளனத் தலைவர், இவர் எதிராளியிடமும் தட்டாதவர், எங்கள் பேச்சையும் தட்டாதவர் என்று சிலேடையாகப் பேசிக் கைதட்டு வாங்கினார். இரண்டாவது பாதி சத்தியமான உண்மை. காய்ச்சலோடு போடு என்றால் போட்டான், ஆறு வாரத்தில் மறுபடி போடு என்றால் போட்டான்.

தலைவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் வாழ்நாளில் ஒரு சண்டை போட்டவர் இல்லை. இதற்கு முன் ஒன்பது வருடம் நீச்சல் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தார். இடுப்பளவுத் தண்ணீரில்கூட அவரை யாரும் பார்த்ததில்லை.

இருபத்தேழாவது சண்டையில் தம்பி தட்டினான். ஐந்தாவது சுற்று. பின்பக்கத்திலிருந்து எதிராளியின் கை கழுத்தைச் சுற்றிவிட்டது. தம்பி அந்தக் கையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டியதை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். எதிராளி உணர்ந்து பிடியைத் தளர்த்திவிட்டு நடுவரை நிமிர்ந்து பார்த்தான். இரண்டடி தள்ளி நின்ற நடுவர் "தொடரட்டும்" என்று கையை ஆட்டினார். எதிராளி மறுபடி இறுக்கினான். பதினோரு நொடி. கழுத்தில் ரத்தக்குழாய் கிழிந்து, மூளைக்கு ரத்தம் போகாமல், என் தம்பியின் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாகத்தான் வருகிறது. முப்பத்திரண்டு வயது ஆளை என் வீட்டுக்காரர்தான் காலையில் தூக்கிக் குளிப்பாட்டுகிறார்.

நரம்பு டாக்டர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். இன்னும் மூன்று மாதத்துக்குள் முறையான பயிற்சி ஆரம்பித்தால் நடப்பான், விட்டால் கால் அப்படியே இறுகிவிடும். வேண்டிய கருவியும் ஆட்களும் உள்ள மறுவாழ்வு மையம் ஒன்றுதான் இருக்கிறது. அது சம்மேளனத்துடையது. எனக்கு வேண்டியதெல்லாம் அங்கே ஒரு கட்டில்.

காலை நடைக்கும் மத்தியான நடைக்கும் நடுவே, பத்திலிருந்து இரண்டு வரை, வேனை ஓரங்கட்டிவிட்டு மாளிகைக்குப் போனேன். கதவில் 'தட்டாதீர், மணி அடிக்கவும்' என்று பித்தளைப் பலகை. என் தம்பிக்கு மரியாதையாக அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் தட்டக்கூடாதாம். தட்டச்சுப் பிரிவுக்கு எழுத்துப் பிரிவு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டுக்கு 'உணவுத்தளம்' என்று சுற்றறிக்கை. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை.

மனு வாங்குகிற குமாஸ்தா மரியாதையான மனுஷன். நாற்காலி போட்டார், விதி பதினாலை வாசித்துக் காட்டினார். வீரர் தட்டிய பிறகும் பிடி தொடர்ந்து காயம் ஏற்பட்டால் சம்மேளனம் பொறுப்பு, மையத்தில் இடம் உண்டு. தட்டாமல் ஏற்பட்ட காயம் வீரர் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது, இடம் இல்லை. அப்படியானால் எங்களுக்கு இடம் உண்டு, என் தம்பி தட்டினான் என்றேன். அவர் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். அங்கே பத்தடி உயரப் படத்தில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, உங்க தம்பி தட்டினாருன்னு நான் எழுதிட்டா, இந்தக் கட்டடத்துக்கு என்ன பேரு வைக்கிறது?" என்று கேட்டார்.

"கட்டடம் நடந்துக்கும் சார். என் தம்பி நடக்கணும்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். பாவம், உண்மையிலேயே அனுப்பிவிட்டார்.

ஐந்து வாரம் கழித்துத் 'தொடுகை ஆய்வுக் குழு' கூடியது. ஏழு பேர், ஒரு பெரிய திரை, ஆளுக்கொரு கோப்பு. அந்தக் காணொளியை முப்பத்தொரு தடவை போட்டார்கள். நான் எண்ணினேன். என் தம்பி முப்பத்தொரு தடவை என் முன்னால் மூச்சடைத்தான், நடுவில் இரண்டு தடவை டீ வந்தது. முதல் தட்டு சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதும் சரி. மூன்றாவதில் ஒரு உறுப்பினருக்குச் சந்தேகம்: கை தட்டியதா, இல்லை நினைவு தப்பித் தானாக விழுந்ததா. விழுந்திருந்தால் இரண்டரைத் தட்டுதான் கணக்கில் வரும் என்றார். அரைத் தட்டு என்று ஒன்று உண்டா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள்.

அடுத்து நடுவரைக் கூப்பிட்டார்கள். நல்ல உயரம், நல்ல சட்டை. தயங்காமல் சொன்னார்:

"தட்டினத என் கண்ணால பாத்தேன். ஆனா தட்டினது யாரு? தட்டாதவர். தட்டாதவர் தட்டினா அது எப்படி தட்டினதாகும்? அதனாலதான் தொடரட்டும்னேன்."

நடுவரின் தெளிவைக் குழு பாராட்டுகிறது என்று குறிப்பில் ஏற்றினார்கள்.

எதிராளிப் பையனும் வந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, நான்கு மணி நேரம் பஸ்ஸில் தானே வந்தான். உள்ளே போகும் வரை என் வேன் படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டவேண்டும் என்று பல நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பார்த்ததும் குடிக்கத் தண்ணீர்தான் கொடுத்தேன். குழுவின் முன்னால் அவன் மறைக்காமல் சொன்னான்: அண்ணன் தட்டினார், நான் விட்டேன், தொடரச் சொன்னார்கள். அவர் தட்டியபோது உங்கள் மனதில் என்ன தோன்றியது என்று குழுத்தலைவர் கேட்டார். பாவமாக இருந்தது என்றான். 'எதிராளி நெகிழ்ந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். நான் கவனித்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் தீர்ப்பையே எழுதினார்கள்.

தீர்ப்பு எனக்கு மனப்பாடம். 'வீரரின் கை எதிராளியின் மீது மும்முறை பட்டது உண்மை. ஆயினும் வீரர் தட்டவில்லை; தட்டிக்கொடுத்தார். தம் கழுத்து இறுக்கப்படும் வேளையிலும் இளைய போட்டியாளரை ஊக்குவித்த இப்பெருந்தன்மை சம்மேளன வரலாற்றில் முதன்முறை. எனவே விதி பதினாலு பொருந்தாது. வீரருக்குச் சிலை வைக்கப் பரிந்துரைக்கிறோம்.'

கழுத்து நெரிபடுகிறவன் எவனாவது தட்டிக்கொடுப்பானா சார் என்று கேட்டேன். குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாதாரண ஆளுங்க செய்யமாட்டாங்கம்மா. அதனாலதானே சிலை வைக்கிறோம்."

வெளியே வந்து வேனில் ஏறி, ஹாரனை ஒரு நிமிடம் விடாமல் அழுத்தினேன். வாட்ச்மேன் ஓடிவந்து இங்கே சத்தம் போடக்கூடாது என்றார். அவரையும் நாலு வார்த்தை கேட்டேன். அவர்மேல் தப்பில்லை, வேறு யாரும் கைக்கு எட்டவில்லை.

மூன்று மாதத்தில் இருபது நாள் பாக்கி இருந்தபோது சிலைத் திறப்பு. நான் போகமாட்டேன் என்றேன். குமாஸ்தாதான் போன் செய்து, தலைவர் மேடையில் நல்ல மனநிலையில் இருப்பார், நேரில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றார். கட்டிலுக்காகப் போனேன். கட்டிலுக்காக அன்றைக்கு எங்கே கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

மாளிகையின் உள்விளையாட்டரங்கம் நிறைந்திருந்தது. சிலையின் கைகள் இரண்டும் உடம்பை விட்டு விலகி, கோழி இறக்கையை விரித்த மாதிரி நின்றன. சிற்பி முதலில் கையை மார்பில் வைத்துச் செய்திருந்தாராம். தட்டுவது போல இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதன் கீழே சக்கர நாற்காலியில் என் தம்பி. கோட்டு போட்டுவிட்டிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"வீரர்கள் வருவாங்க, போவாங்க. அடிபடுவாங்க, காணாமப் போவாங்க. ஆனா சம்மேளனம் நிக்கும். இவரு இன்னைக்கு நிக்க முடியாம உக்காந்திருக்காரு. பரவாயில்ல, இவருக்காகத்தான் சிலை நிக்குதே. இதைவிட ஒரு வீரனுக்கு என்ன வேணும்?"

அரங்கம் எழுந்து கைதட்டியது. கைதட்டலுக்கு மட்டும் மாளிகையில் தடை இல்லை.

பிறகு புகைப்படம். தலைவர் நாற்காலிக்குப் பின்னால் போய், பூட்டுக்கே பூட்டு போடுகிறேன் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே, தம் கையை என் தம்பியின் கழுத்தைச் சுற்றிப் போட்டார். கிழிந்து ஒட்டிய கழுத்து அது. போட்டோக்காரர்கள் இன்னும் கொஞ்சம் சார், இப்படிப் பாருங்க சார் என்றார்கள். தலைவர் ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பத் திரும்ப அந்தக் கையும் இறுகியது. தம்பியின் முகம் கறுத்தது. நல்லபடியாக இருக்கிற இடது கை மெதுவாக மேலே வந்தது. தலைவரின் கோட்டுக் கையில் ஒன்று. இரண்டு. மூன்று.

"பாருங்க பாருங்க, என்னையும் தட்டிக்கொடுக்கறாரு" என்றார் தலைவர், பல்லெல்லாம் தெரிய.

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. நான் எப்படி மேடை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. தலைவரின் சுண்டுவிரலைப் பிடித்து வளைத்தேன், பிடி தானாகத் திறந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, இருபத்தேழு சண்டையில் நடுவர்கள் செய்ததைப் பார்த்த பழக்கத்தில், தலைக்கு மேல் கையை வீசிக் காட்டினேன்.

"விடுய்யா. அவன் தட்டிட்டான்."

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தம்பி இருமி இருமி மூச்சை மீட்டுக்கொண்டு, என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"பா... த்தியா?"

"பாத்தேன்டா" என்றேன். "அன்னைக்கும் பாத்தேன்."

கட்டில் போனது போனதுதான் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வேன் ஓட்டினேன். நாலாம் நாள் நோட்டீஸ் வந்தது. உரிமம் இல்லாமல் நடுவர் பணி செய்ததற்காக என்மேல் விசாரணை. அதே அறை, அதே ஏழு பேர், அதே திரை. தலைவரும் வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார், சுண்டுவிரலில் கட்டுடன். குழுத்தலைவர் குற்றச்சாட்டை வாசித்தார்: 'வீரர் மும்முறை தட்டியதைத் தொடர்ந்து, மேற்படி பெண்மணி அத்துமீறி மோதலை நிறுத்தினார்.'

தலைவர் கையைத் தூக்கினார்.

"இருங்க. தட்டினாரா? யார்கிட்ட?"

குழுத்தலைவர் கோப்பைப் புரட்டினார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். தங்களிடம்தான் ஐயா என்றார்.

காணொளியைப் போட்டார்கள். இந்தத் தடவை ஒரே ஒரு முறை போதுமாக இருந்தது. மூன்று தட்டும் முழுத் தட்டு, ஐயத்துக்கு இடமே இல்லை என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த உயரமான நடுவரும் ஒரு மூலையில் இருந்தார். பிடியின் கோணம் அபாரம், உலகத்தரம் என்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது.

"இருபத்தேழு சண்டை. எத்தனையோ பேரு ட்ரை பண்ணாங்க. எவன்கிட்டயும் தட்டாத மனுஷன், கடைசில என்கிட்ட தட்டியிருக்காரு."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன், ஆனால் காரணம் வேறு. சார், அப்படியானால் என் தம்பி தட்டிய வீரர். தட்டிய பிறகும் பிடி தொடர்ந்தது. விதி பதினாலு பொருந்துமா என்று கேட்டேன். ஏழு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுங்கய்யா, தோத்தவனுக்கு ஒரு கட்டில் கொடுப்பதுதான் ஜெயித்தவனுக்கு அழகு என்றார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வெற்றியைப் பதிவு செய்ய நடுவரின் கையெழுத்து வேண்டும், மோதலை நிறுத்தியது நான். அங்கேயே எனக்கு முன்தேதியிட்டு நடுவர் உரிமம் வழங்கினார்கள். நீட்டிய தாளில் இருந்தது இதுதான்: 'மூன்று முறை சாம்பியனான மேற்படி வீரர் சம்மேளனத் தலைவரிடம் முறைப்படி தட்டித் தோற்றதை நான் நேரில் கண்டேன்.'

பேனாவைத் திறந்தேன், மறுபடி மூடினேன். பத்தொன்பது வயதில் மூக்கு உடைந்து வீட்டுக்கு வந்து, ஜெயித்துவிட்டேன் அக்கா என்று ரத்தத்தோடு சிரித்தவன் அவன். அந்தத் தொந்தி மனுஷனிடம் தோற்றான் என்று என் கையாலேயே எழுதித் தருவதா? நாளைக்குத் தருகிறேன் என்று தாளை வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் தாளைத் தம்பி முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்துப் போடட்டுமா, உன் பேரே போய்விடும்டா என்றேன். அவன் தாளை ரொம்ப நேரம் படித்தான். பிறகு இடது கையால் அதை என் பக்கம் தள்ளினான்.

"பேரு... நடக்காதுக்கா. காலு... நடக்கும்."

கையெழுத்துப் போட்டேன். போடும்போது எனக்கு வந்த கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சிலையை இறக்கிவிட்டார்கள். அதே பீடத்தில் தலைவரின் சிலை, ஒரு கை வளைந்து. மாளிகைக்கு 'வென்றவர் மாளிகை' என்று புதுப் பெயர். அதைப் பற்றியெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை, எக்கேடோ கெட்டுப்போகட்டும்.

மூன்று மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது தம்பியை மையத்தில் சேர்த்தேன். நீளமான கூடம், இருபது கட்டில். பத்தொன்பது மெத்தைகளின் மேல் கடையில் வாங்கியபோது இருந்த பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. மற்ற நோயாளிகள் எல்லாம் எங்கே, வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று நர்ஸைக் கேட்டேன்.

"மத்தவங்களா? மையம் தொடங்கிப் பன்னெண்டு வருஷமாச்சும்மா. இதுவரைக்கும் யாரும் தட்டினதில்ல" என்றார்.

பன்னிரண்டு வருடம். எத்தனை கூண்டு, எத்தனை கழுத்து. அந்த உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துப்போட வேண்டும் போல இருந்தது.

அதற்குள் பயிற்சியாளர் வந்துவிட்டார். என் தம்பி யார் என்றே அவருக்குத் தெரியவில்லை, சண்டை பார்க்கிற வழக்கமில்லையாம். அவனைப் படுக்கவைத்து, மரத்துப்போன வலது காலைத் தூக்கித் தம் தோளில் வைத்துக்கொண்டு, இப்போது மெதுவாக மடக்கப்போகிறேன் என்றார்.

"வலிச்சா என் கையில தட்டுங்க. உடனே விட்டுடறேன்."

தம்பி அவரையே பார்த்தான். அவர் மடக்க ஆரம்பித்து இரண்டு விரற்கடைகூட நகர்ந்திருக்காது. தம்பி தட்டினான். அவர் சட்டென்று விட்டுவிட்டார். மறுபடி மடக்கினார். தம்பி மறுபடி தட்டினான். மறுபடி விட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும், பயிற்சியாளர் கவலையோடு குனிந்து, அவ்வளவு வலிக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல" என்றான் என் தம்பி. "விடு... றீங்களான்னு... பாத்தேன்."